பினாங்கில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தாதியாகப் பணியாற்ற: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் தாதிமைப் படிப்பில் சேரும்போதே நான்கு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு. அயர்லாந்திலும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கென்று தாதியருக்குத் தனிப் பதிவு உண்டு. மலேசியாவில் அப்படி ஒரு பிரிவு இல்லை. பொதுத் தாதியாகப் படித்து, பதிவு பெற்று, மீதியை வேலையிலேயே கற்றுக்கொண்டுதான் இந்தப் பக்கம் வர வேண்டும். அதனால், இந்த வேலைக்கு எப்படி வருவது என்று விசாரிக்கும் பிள்ளைகளுக்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை. பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையிலும் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பதிவு

இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்மில் மலாய், கணிதம், அறிவியல் உட்பட வேண்டிய கிரெடிட் இருந்தால் மூன்றாண்டு தாதிமை டிப்ளோமாவில் சேரலாம். எத்தனை கிரெடிட் என்பதைக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விதி அவ்வப்போது மாறும். தனியார் கல்லூரி என்றால், மலேசியத் தாதியர் வாரியம் அங்கீகரித்த படிப்புதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். படிப்பு முடிந்ததும் வாரியத்தின் தேர்வு, பதிவு, அப்புறம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பணிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின் கீழ் வருவது இது. புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். வலிப்பு, விழுங்கல் சிரமம், குழாய் வழி உணவு போன்ற பயிற்சிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் புள்ளியும் சேரும், கையும் பழகும். சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு போஸ்ட் பேசிக் எனப்படும் சிறப்புப் பயிற்சி படிக்க வாய்ப்பு வந்தால், குழந்தைநலமோ மனநலமோ எடுங்கள். இந்த வேலைக்கு இரண்டுமே கைகொடுக்கும்.

வேலை எங்கே இருக்கிறது

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு, சமூகநல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் ஓ.கே.யு. அட்டையில் ஏழு வகைகள் உண்டு. அதில் கற்றல் குறைபாடு ஒரு வகை. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, டிஸ்லெக்சியா எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பையனும் ஒரு வார்த்தைகூடப் பேசாத நாற்பது வயதுக்காரரும் ஒரே வகை அட்டை வைத்திருக்கலாம். அட்டையை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்.

தாதியின் கை அதிகம் தேவைப்படுவது குறைபாடு கடுமையாக உள்ளவர்களுக்கு. அவர்களை நீங்கள் ஜி.எச். என்று நாம் சொல்லும் அரசுப் பொது மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் பார்ப்பீர்கள், சுகாதார கிளினிக்கில் பார்ப்பீர்கள், படுக்கையில் இருப்பவர்களைக் கிளினிக் குழுவோடு வீட்டுக்கே போய்ப் பார்ப்பீர்கள். தனியார் பராமரிப்பு இல்லங்களும் தொண்டு அமைப்புகளின் இல்லங்களும் உண்டு. பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் 1984இல் திரெங்கானுவில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியவை. அங்கே அன்றாடம் இருப்பவர்கள் தாதியர் அல்லர், பயிற்சி பெற்ற ஊழியர்கள். ஆனால் படிக்கும் காலத்திலேயே ஒரு பி.டி.கே.க்குப் போய் உதவி செய்து பாருங்கள். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று அங்கே தெரிந்துவிடும்.

தனியார் இல்லத்தில் வேலைக்குப் போனால், நேர்முகத்தில் நீங்களும் கேள்வி கேளுங்கள். இரவில் எத்தனை பேருக்கு ஒரு ஊழியர்? மருந்து கொடுப்பது யார், கொடுத்ததும் எங்கே கையெழுத்துப் போடுகிறார்கள்? வலிப்பு வந்தால் கொடுக்கும் அவசர மருந்து எங்கே இருக்கிறது? கனமானவரைத் தூக்கக் கருவி உண்டா? மாத்திரைகளை முதல் நாளே சின்னக் கிண்ணங்களில் போட்டு, பெயர் எழுதாமல் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் பதிவு எண்ணுக்கும் ஆபத்து, அங்கே இருப்பவர்களுக்கும் ஆபத்து.

முதல் வாரம்: வழக்கத்தைப் படியுங்கள்

முதல் வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய காரியம், உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எது வழக்கம் என்று தெரிந்துகொள்வது. சாதாரண வார்டில் நோயாளி தன் வாயாலேயே சொல்லிவிடுவார், நேற்றிலிருந்து நெஞ்சை அடைக்கிறது, சோறு இறங்கவில்லை என்று. இங்கே பலரால் அப்படிச் சொல்ல முடியாது. நேற்று போல இன்று இல்லை என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நேற்று எப்படி இருந்தார் என்றே தெரியாவிட்டால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஆளுக்கொரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறார், எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார், ஒரு தட்டுச் சோற்றுக்கு எவ்வளவு நேரம் எடுப்பார், தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, சாதாரண நாளில் உதடு என்ன நிறம், எடை எவ்வளவு, சந்தோஷமாக இருந்தால் கையை எப்படி ஆட்டுவார், பயந்தால் எப்படி ஆட்டுவார். இதையெல்லாம் நல்ல நாளில் எழுதி வைத்தால்தான் கெட்ட நாளில் உதவும்.

கோப்பில் இருப்பதைவிட வீட்டில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியும். அம்மாவிடமோ அக்காவிடமோ அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ‘இன்னைக்கு என்னமோ சரியில்ல மிஸ்ஸி’ என்று அந்த அம்மா சொன்னால், காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் அளவு சரி என்று கருவி காட்டினாலும் அதை எழுதி வையுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். முப்பது வருடம் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் அது.

குணம் மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள்

தலையை முட்டுவது, கடிப்பது, சாப்பாட்டைத் தள்ளிவிடுவது, திடீரென்று மந்தமாவது. இவற்றைப் பார்த்ததும் ‘அவங்க அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுப் போவது மிகச் சுலபம். எல்லாவற்றையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடும் இந்தப் பழக்கத்தால் உயிரே போகிறது. இங்கிலாந்தில் கற்றல் குறைபாடு உள்ளவர்களின் இறப்புகளைத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார்கள். மற்றவர்களைவிட ஏறக்குறைய 20 ஆண்டுகள் முன்பாகவே அவர்கள் இறந்துவிடுவதையும், அந்த இறப்புகளில் பல தவிர்த்திருக்கக்கூடியவை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

ஒரு பெண்மணி. இரவு பத்து மணிக்குப் படுக்க வைத்தால் எழுந்துவிடுவார், மறுபடி படுக்க வைத்தால் கத்துவார், கையைக் கடித்துக்கொள்வார். தூக்க மருந்தின் அளவு கூடிக்கொண்டே போனது. சில இரவுகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தூக்கம் வராமல் இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுகிறார். முதுகு மெத்தையில் பட்ட கொஞ்ச நேரத்தில்தான் முழித்துக்கொள்கிறார், எச்சிலை விழுங்குகிறார், கழுத்தைத் தேய்க்கிறார். பகலில் சாய்வு நாற்காலியில் நன்றாகத் தூங்குகிறார். இதை நேரம் போட்டு எழுதி டாக்டரிடம் காட்டினோம். இரைப்பை அமிலம் மேலேறும் தொல்லை என்று தெரிந்தது. அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளியதும் படுத்துத் தூங்கினார். தூக்க மருந்தையும் படிப்படியாகக் குறைத்தார்கள்.

குணம் மாறும்போது தலையிலிருந்து கால்வரை ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். பல், காது, தொண்டை, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் வலி, தோல் புண், மடங்கிய கால்விரல், புதிதாகச் சேர்த்த மருந்து. வலியை எண்ணால் சொல்ல முடியாதவர்களுக்கு முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் அளவுகோல் உண்டு. எஃப்.எல்.ஏ.சி.சி. என்பார்கள். ஒவ்வொருவருக்கும் உரிய வலி அடையாளத்தை அதில் சேர்த்து எழுதிக்கொண்டால் இன்னும் துல்லியம். வலி வந்தால் சிரிப்பவர்களும் உண்டு.

சாப்பாடும் விழுங்குதலும்

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துப் படியுங்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதும், அதனால் வரும் நிமோனியாவும் இவர்களுக்கு வரும் பெரிய ஆபத்துகளில் ஒன்று. சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், குரலில் கரகரவென்ற ஈரம், அடிக்கடி நெஞ்சுச் சளி, எடை குறைவு, இதில் எது தெரிந்தாலும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள். இருமலே இல்லாமல் உள்ளே இறங்குவதும் உண்டு, அதனால் இருமவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள்.

பானம், உணவு இரண்டின் பதத்தையும் 0 முதல் 7 வரை பிரிக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற உலக அளவுகோல் இருக்கிறது. 4 என்றால் மசித்த கூழ், 5 என்றால் நறுக்கி ஈரமாக்கியது, 6 என்றால் மென்மையான சிறு துண்டு. 5ஆம் நிலையில் பெரியவர்களுக்குத் துண்டின் அகலம் 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 6இல் ஒன்றரை சென்டிமீட்டருக்குள். சிகிச்சையாளர் எழுதிக் கொடுக்கும் எண்ணை நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்றுவது உங்கள் வேலை. ரசம் சோறு மென்மையானதுதானே என்று அம்மா ஊட்டுவார். அதில் ரசம் தனியாக ஓடும், பருக்கை தனியாக நிற்கும். வாய்க்குள் நீர் முந்திக்கொண்டு இறங்கும்போதுதான் புரையேறும். தெளிவான கஞ்சியும் இதே கதைதான். பருப்பும் சோறும் சேர்த்து, பருக்கையே தெரியாமல் மசித்து, கரண்டியைக் கவிழ்த்தால் ஒரே உருண்டையாக விழுகிற பதத்துக்குக் குழைத்தால் 4ஆம் நிலைக்காரருக்குச் சரியாக வரும். முறுக்கு, கச்சான் கடலை, காய்ந்த தோசை ஓரம் வேண்டாம். தீபாவளி நாளில் விருந்தாளிகள் அன்பாக நீட்டும் தட்டைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள். நீங்களும் எதிரில் உட்காருங்கள், நின்றுகொண்டு ஊட்டினால் அவர் கழுத்தைப் பின்னால் சாய்ப்பார். ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். வாயைச் சுத்தம் செய்யுங்கள், வாயில் தங்கும் கிருமியும் நெஞ்சுக்கு இறங்கும். மாத்திரையை இடித்துக் கலப்பதற்கு முன்னால் மருந்தாளரைக் கேளுங்கள். வலிப்பு மருந்துகளில் மெதுவாகக் கரையும் வகைகள் உண்டு. அவற்றை இடித்தால் மருந்து முழுவதும் ஒரேயடியாக உடம்பில் சேர்ந்துவிடும்.

வலிப்பு

இவர்களிடையே வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். நோட்டில் ஒவ்வொருவருக்கும் வழக்கமாக எப்படி வரும், எவ்வளவு நேரம் இருக்கும், அவசர மருந்து எப்போது என்று டாக்டர் எழுதிய திட்டம் இருக்க வேண்டும். வந்தவுடன் கடிகாரத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் திருப்பி, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் திட்டத்தில் இருக்கும் மருந்தைக் கொடுத்து, ஆம்புலன்சுக்கு 999ஐ அழையுங்கள். முதல்முறை வரும் வலிப்பு என்றால் காத்திருக்கவே வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த நேரத்தில் பாட்டியோடு வாதாட வேண்டாம், ‘பாட்டி, நீங்க மணியைப் பார்த்துச் சொல்லுங்க’ என்று ஒரு வேலை கொடுங்கள். நிலைமை அடங்கியதும் உட்கார வைத்து விளக்குங்கள்.

மருந்து தவறியதும் தூக்கம் கெட்டதும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போக வீட்டார் ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். அவருக்கும் அது திருநாள்தான். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, உறுமி மேளத்துக்குக் காதை மூடும் கருவி, மருந்து வேளை, அவசர மருந்து எல்லாம் கையோடு வைத்துத் திட்டமிட்டுக் கொடுங்கள்.

மலச்சிக்கலும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களும்

மலம் போன நாளையும் பதத்தையும் தினமும் எழுதுங்கள். மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். மனநோய் மருந்துகள் சிலவும், நடமாட்டம் இல்லாததும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் இதைக் கூட்டும். அடைத்துக்கொண்டிருக்கும் மலத்தைச் சுற்றி நீராக ஒழுகுவதைப் பேதி என்று நினைத்துப் பேதி நிற்க மருந்து கொடுத்துவிடக் கூடாது. வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

டவுன் சிண்ட்ரோம் என்றால் தைராய்டு, காது, கண் மூன்றையும் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். நாற்பதைத் தாண்டியவர் திடீரென்று பழகிய வேலையை மறந்தால் அல்சைமர் ஆக இருக்கலாம், ஆனால் அதற்கு முன் தைராய்டும் காது கேட்பதும் சரியா என்று பாருங்கள். கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்வாக இருக்கலாம் என்பதால் தூக்கும்போதும் மயக்க மருந்து கொடுக்கும்போதும் கழுத்தில் கவனம் வேண்டும்.

ஜி.எச். போகும் நாள்

குழந்தையாக இருந்தபோது ஒரே குழந்தை டாக்டர் எல்லாவற்றையும் பார்த்திருப்பார். வளர்ந்ததும் வலிப்புக்கு ஒரு கிளினிக், எலும்புக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று என்று பிரிந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இருக்காது. அந்த இடத்தை நிரப்புவது நீங்கள்தான். எல்லாத் தேதிகளும் மருந்துகளும் ஒரே தாளில் இருக்கட்டும்.

அதோடு ‘என்னைப் பற்றி’ என்று ஒரு பக்கம் தயாரியுங்கள். மலாயில் எழுதுங்கள், ஏனென்றால் வார்டில் படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். இவரிடம் இருப்பதோ நான்கைந்து வார்த்தைகள், அதுவும் வீட்டுத் தமிழ். ‘சூச்சூ’ என்றால் சிறுநீர், ‘ஆய்’ என்றால் மலம், ‘மம்மம்’ என்றால் பசி. ஒருவர் ‘ஆத்தா’ என்று கூப்பிட்டால் பாட்டியைத் தேடுகிறார் என்று அர்த்தம், இன்னொருவர் அதே வார்த்தையைச் சொன்னால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த அகராதி இல்லாமல் ஒருவரை வார்டில் விட்டுவிட்டு வந்தால், அவர் இரவெல்லாம் கழிவறை கேட்டுக் கத்துவார், மற்றவர்கள் அதை முரட்டுத்தனம் என்று எழுதிவிடுவார்கள். எப்படி விழுங்குவார், வலித்தால் எப்படித் தெரியும், எது அவரை அமைதியாக்கும், எங்கே தொட்டால் பிடிக்காது என்பதையும் சேருங்கள்.

ஓ.கே.யு. அட்டையை மறக்காதீர்கள். கூட்டம் தாங்காதவர் என்றால் நேரம் குறிக்கும்போதே முதல் ஆளாகப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் ஒத்துழைப்பார்கள். இரத்தம் எடுக்க வேண்டியிருந்தால் மரத்துப்போகும் கிரீமை ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தடவச் சொல்லுங்கள். வீட்டில் சில நாட்கள் கையில் பட்டையைக் கட்டி, பஞ்சைத் தடவி விளையாட்டாகப் பழக்கிவிட்டுப் போனால் நான்கு பேர் பிடித்து அமுக்க வேண்டியிருக்காது.

மரியாதையும் பாதுகாப்பும்

வீட்டில் முப்பத்தைந்து வயதுக்காரரைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அது வீட்டாரின் செல்லம். நீங்கள் அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். டாக்டர் உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டாலும், முதலில் அவர் பக்கம் திரும்பி அவரிடம் சொல்லுங்கள். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள், புரியாது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். குளிப்பாட்டும்போதும் பாம்பர்ஸ் மாற்றும்போதும் திரை போடுங்கள். இப்படிப் பழகியவருக்குத்தான், தப்பாக யாராவது தொட்டால் அது தப்பு என்று தெரியும்.

இவர்கள் மீது நடக்கும் பாலியல் கொடுமையும் அடியும் எளிதில் வெளியே வருவதில்லை. காரணம் புரியாத காயம், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டதும் உடல் விறைப்பது, உள்ளாடை மாற்றப் பயப்படுவது தெரிந்தால், பார்த்ததைப் பார்த்தபடி தேதி நேரத்தோடு எழுதி, மேலதிகாரியிடமும் டாக்டரிடமும் உடனே சொல்லுங்கள். தாலியான் காசிஹ் என்ற அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணுக்கும் அழைக்கலாம். குடும்ப மானம் போய்விடும் என்று யாராவது சொன்னாலும் அதற்காக நிறுத்தாதீர்கள்.

அம்மாவின் கேள்வி

‘எனக்கு அப்புறம் இவனை யாரு பார்ப்பா, மிஸ்ஸி?’ வீட்டுப் பார்வைக்குப் போகிற எல்லாத் தாதியின் காதிலும் இது விழும். கடவுள் பார்ப்பார் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த அம்மா அழுது முடிக்கட்டும், அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். பி.டி.கே. பதிவு, சமூகநல இலாகாவின் உதவித்தொகை விண்ணப்பம், நல்ல இல்லங்களின் பட்டியல் என்று ஒவ்வொன்றாக. அண்ணன் தம்பி அக்கா தங்கைகளை ஒருநாள் கூப்பிட்டு, மருந்து கொடுப்பதையும் ஊட்டுவதையும் அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். அம்மா நல்ல உடம்போடு இருக்கும்போதே, மகன் வேறொரு வீட்டில் ஓர் இரவு தங்கிப் பழகட்டும். முதலில் சித்தி வீட்டில் ஓர் இரவு, அடுத்து ஒரு வார இறுதி. பழக்கமான தலையணையும் அந்த ‘என்னைப் பற்றி’ பக்கமும் கூடவே போகட்டும். திரும்பி வந்ததும், எப்படித் தூங்கினார், எவ்வளவு சாப்பிட்டார் என்று சித்தியிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.